ஒரு அடி பின்னால்

“ஓடறதுக்கு எதுக்கு பாய் கூலிங் கிளாஸு? பாதிப் பசங்க மாட்டிக்கினு கீறானுங்க. இந்தக் காலத்துல ஓட்டத்தை வுட ஸ்டைலுதான் முக்கியமாப் போச்சு.”

ஆவடி மைதானத்துச் சுவருக்கு வெளியே நின்று கோதண்டம் முணுமுணுத்தார். சுவர் அவர் கழுத்து உயரம். உள்ளே நிற்பவர்களின் தலையும் தோளும்தான் தெரிந்தன.

சைக்கிளில் டீ விற்கும் யூசுப் டம்ளரை நீட்டினார். “நம்ம பையன் யாராவது ஓடறானா அண்ணாத்தே?”

“அதோ, தேவா. எங்க தெரு. பக்கத்துல கண்ணாடி மாட்டிக்கினு நிக்கிறான் பாரு, அவன் ஸ்ரீகாந்த்து. தினம் ரெண்டும் ஒண்ணாத்தான் பிராக்டீஸ். கோட்டாண்ட வந்ததும் நம்மாளு ஒரு அடி பின்னால போய்டுவான். ஏன்டான்னா, ‘அதான் ரூல்ஸு தாத்தா’ன்றான். தோக்கறதுக்கு ஒரு ரூல்ஸா?”

“சிநேகிதனாச்சேன்னு வுட்டுக் குடுக்கிறான் போல.”

“போட்டியில இன்னா சிநேகிதம்? போன வருசம் ஒரே ஒரு தபா தேவா முந்துனான். மெடல் குடுத்தானுங்களா? போட்டியை வுட்டே தூக்கிட்டானுங்க! எவனையும் நம்பாதே பாய்.”

“ஸ்ரீகாந்த்து எப்டி?”

“வெறி புடிச்சவன். அன்னிக்கு மெடல் போச்சுன்னு அழுதான். மறுநாளே விடியறதுக்கு முன்னாடி வந்து நின்னான். மழையிலயும் ஓடறான், முட்டி பேந்தும் ஓடறான். அதுல பாதி நம்மாளுக்கு இருந்தாப் போதும். இன்னிக்கு ஜெயிக்கிறவன்தான் மாநிலப் போட்டிக்குப் போவான்.”

துப்பாக்கி வெடித்தது.

ஸ்ரீகாந்தும் தேவாவும் தோளோடு தோளாகப் பாய்ந்து வந்தார்கள். தேவா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓடினான்.

“ஓடறப்போ இன்னாடா வெட்டிப் பேச்சு? முந்துடா தேவா!” கோதண்டம் தொண்டை கிழியக் கத்தினார்.

பின்னாலிருந்து ஒரு நீலச் சட்டை நெருங்கியது. ஸ்ரீகாந்த் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகம் எடுத்தான். கோட்டருகே தேவா வழக்கம் போல ஒரு அடி பின்தங்கினான். ஸ்ரீகாந்த் முதலில்.

கோதண்டம் டம்ளரைச் சுவர் மேல் வைத்துவிட்டு, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“இந்தத் தபாவும் கோட்டை வுட்டியாடா?”

குரல் வந்த பக்கம் ஸ்ரீகாந்த் திரும்பினான். “முந்து முந்துன்னு கத்தினது நீங்கதானா தாத்தா? பயந்தே போயிட்டேன். போன வருசம் மாதிரி இவன் முந்தியிருந்தா, மறுபடியும் என்னைத் தூக்கியிருப்பாங்க!”

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். பார்வையில்லாத அந்தக் கண்கள் கோதண்டத்தைத் தாண்டி எங்கோ நிலைத்திருந்தன. அவன் மணிக்கட்டையும் தேவாவின் மணிக்கட்டையும் ஒரு சாண் கயிறு பிணைத்திருந்தது.

“வழி காட்டறவன் முதல்ல கோட்டைத் தாண்டக் கூடாது தாத்தா. சொன்னேனே, அதான் ரூல்ஸு” என்று சிரித்தான் தேவா.

கோதண்டம் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவருக்கு வெளியே யூசுப்பிடம் திரும்பி வந்தார்.

“எல்லாம் சரி பாய். அதுக்காக நம்ம பையனை ஒரு தபா கூட முந்த வுடமாட்டேன்றது இன்னா நாயம்?”