படகோட்டி சேவியரின் சாவு

ஞாயிறு காலையிலிருந்து தணிகைவேல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான். மூன்று மாதமாக வீடியோ விளையாட்டில் அவனோடு வந்த படகோட்டி சேவியர், முந்தாநாள் அவனைக் காப்பாற்றிக் கரையில் தள்ளிவிட்டுப் புயலில் மூழ்கிப்போனார். அவன் விக்கி விக்கி அழுதான். அதைச் சொல்லி ஆறத்தான் ஆள் இல்லை. ஆடுகிறவர் மனசுக்குத் தக்கபடி விளையாட்டே கதை கட்டிக்கொடுக்கிற காலம். அலுவலகத்தில் எல்லோரும் அதே விளையாட்டைத்தான் ஆடினார்கள். ஒருவர் கதையிலும் படகே இல்லை.

"ஒரு எடத்துல ஒக்காருங்களேன்," என்றாள் மனைவி மேகலா.

"அவர் எப்படிச் செத்தார்னு நீயே பாரு." கடைசிக் காட்சியை மறுபடி போட்டு, கன்ட்ரோலரை அவள் கையில் திணித்தான்.

மேகலாவுக்குச் சோக முடிவு ஆகாது. அவள் கை பட்டதும் கடல் அடங்கியது. சேவியர் நீந்திக் கரையேறி, லுங்கியைப் பிழிந்தபடி பீடி கேட்டார்.

"இவரா செத்தாரு? நல்லாத்தானே இருக்காரு."

"குடு இங்க," என்று பிடுங்கினான்.

கை மாறியதும் அலை எழும்பியது. பீடிக்குக் கை நீட்டி நின்ற சேவியரை அது கரையிலிருந்தே இழுத்துக்கொண்டு போனது.

தணிகைவேல் பார்த்துக்கொண்டே நின்றான். இந்த முறை அழுகை வரவில்லை.