ஒரு ஊசி குறையுது

"ஒரு ஊசி குறையுது. யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது."

காந்தத்தின் குரல் கேட்டதும் தையல் கூடத்தில் எல்லாக் கைகளும் நின்றன. மேற்பார்வை பார்க்கும் அந்த அம்மாளுக்கு அப்படிப் பெயர் வைத்தது யார் என்று தெரியாது. துணியில் தங்கிய ஊசியைத் தேட, கையில் எப்போதும் ஒரு காந்தக் கட்டை இருக்கும். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் பிசிறுகூட அங்கிருந்து வெளியே போனதில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக வேண்டிய இருபது ஒட்டுப்போர்வைகள். நீலத் துணிப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்த கடல்; அதன்மேல் மீன், ஆமை, படகு. பத்தொன்பதை மடித்து வைத்தாகிவிட்டது. இருபதாவது மட்டும் கடைசி மேசையில், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளின் மடியில் கிடந்தது.

"ஒரு போர்வைக்காக வண்டி நிக்காது," என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். "கிளம்புற நேரத்துல யார் மேசையில வேலை பாக்கி இருக்கோ, அவங்க நாளைக்கு வர வேண்டாம்."

அது அவள் தொடங்கிய போர்வைகூட அல்ல. யாரோ பாதியில் விட்டுப் போனது. எல்லாப் பட்டைகளையும் ஒரே பக்கத்திலிருந்து தைத்துக்கொண்டே போனதால், கடல் வில்லாக வளைந்திருந்தது. ஓரத்தை இழுத்துப் பிடித்துத் தைத்து மறைத்திருக்கலாம். நோயோடு படுத்திருக்கும் ஒரு பிள்ளை போர்த்திக்கொள்ளப் போவது என்று நினைத்தபோது அவளுக்கு மனம் வரவில்லை.

எட்டுப் பட்டைகளைப் பிரித்து, ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் மாற்றி மாற்றித் தைத்தாள். கடல் நேரானது, நேரம் ஓடிவிட்டது. ஒரு பக்கத்து ஓரம் முழுவதும் கைத்தையல் பாக்கி. எப்படியும் அரை மணி வேலை. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் போன வாரம் மகளைப் பள்ளியில் சேர்த்திருந்தாள்.

"நல்லா எண்ணிப் பாத்தீங்களா?" என்றார் முதலாளி எரிச்சலோடு.

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் சார். ஊசிக் கணக்கு சரியாகாம ஒரு துணி வெளியே போகக் கூடாதுன்னு எழுதி ஒட்டினதே நீங்கதான்."

முதலாளி சுவரைப் பார்த்தார். அவர் கையெழுத்துத்தான்.

"முதல் மேசையிலேர்ந்து வரேன். முடிச்சவங்க எல்லாம் மடிச்சதைப் பிரிச்சு விரிங்க," என்றார் காந்தம்.

புதியவளும் எழுந்து நின்றாள்.

"உன்னை யாரு எழுந்திருக்கச் சொன்னா? உன்கிட்ட கடைசியாத்தான் வருவேன். உக்காந்து கையில இருக்கற வேலையைப் பாரு."

பக்கத்து மேசைக்காரி உதடு அசையாமல் முணுமுணுத்தாள். "உன் மேலதான் சந்தேகம். புதுசு இல்ல நீ. உன் துணியில ஊசி மாட்டுச்சு, அவ்வளவுதான், சீட்டு கிழிஞ்சிடும்."

"எனக்குக் குடுத்த ரெண்டு ஊசியும் இங்கதான் இருக்கு."

"அதை என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்?"

புதியவள் மனத்துக்குள் கடவுளைக் கூப்பிட்டபடி ஊசியைத் துணியில் இறக்கினாள்.

காந்தம் அங்குலம் அங்குலமாகக் கட்டையை ஓட்டினார். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கம். ஓர் ஆமையின் முதுகை மட்டும் மூன்று முறை தடவினார்.

"ஆமைக்கு முதுகு வலியாக்கா?" என்றது ஒரு குரல். அவர் திரும்பிப் பார்த்ததும் எழுந்த சிரிப்பு அடங்கிப்போயிற்று.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். முதலாளி வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். தலை நிமிரும்போதெல்லாம் காந்தத்தின் பார்வை நேராகக் கடைசி மேசைக்குத்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் புதியவளுக்கு ஒரு தையல் தவறியது.

பத்தொன்பதாவது போர்வையிலும் ஊசி இல்லை.

"அப்ப அந்தக் கடைசிப் போர்வையிலதான் இருக்கணும்," என்றார் முதலாளி.

காந்தம் கடைசி மேசையை நோக்கி நடந்தார். புதியவள் கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டினாள்.

"அக்கா, சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது..."

காந்தக் கட்டை போர்வையின் மேல் ஒரு தடவை, பேருக்கு ஓடியது. அவருடைய விரல்தான் புதிதாகத் தைத்த ஓரத்தை நுனியிலிருந்து நுனிவரை நிதானமாகத் தடவிப் பார்த்தது. பிறகு அவள் காதருகே குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"முடிச்சிட்டியா? சரி, ஊசி கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடறேன்."