ஆட்சேபனை இல்லை

"கையெழுத்தைப் போடுய்யா! ஊரே காத்துக்கிட்டிருக்கு" என்று பதிவேட்டைத் தலைவர் பக்கம் தள்ளினார் எதிர்வரிசைக்காரர்.

தலைவர் அதைத் திரும்ப மேசையின் நடுவுக்கு நகர்த்தினார். "அவசரப்படாதே. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

நகரசபை எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக இந்த இருவருக்கும் நடுவில் அமர்ந்து குறிப்பெழுதுகிறவர். தலைவர் எதைக் கொண்டுவந்தாலும் எழுந்து நிற்பதால் எதிர்வரிசைக்காரருக்கு ஊரில் 'ஆட்சேபனை' என்றே பெயர். தெருக்குழாய்க்கும் சண்டை, பூங்கா பெஞ்சின் நிறத்துக்கும் சண்டை.

இன்றைய சண்டை, கீழே முன்கூடத்தில் மூன்று நாளாக இருக்கும் பெட்டிக்காக.

போர் முடிந்து நான்கு மாதம் கழித்து ரயிலில் வந்த சவப்பெட்டி அது. கூட வந்த தாளில் இரண்டே வரி: உங்கள் ஊர்ப் பையன்; முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. ஊரிலிருந்து போனவர்களில் என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் தலைவரின் மகன். மற்றவன் ஆட்சேபனையின் மகன். இருவரில் ஒருவர் தன் மகன் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடக்கம் செய்ய முடியும்.

"அது என் பையன் இல்ல. அவன் நல்ல உயரம். பெட்டியைப் பார்த்தாலே தெரியலையா?" என்றார் ஆட்சேபனை.

"பெட்டியெல்லாம் ஒரே அளவுதான்" என்றார் தலைவர் மெதுவாக.

"நீ பேசாதே! பெத்த மனசா உனக்கு? நானும் என் பொண்டாட்டியும் தினம் பத்து மணிக்கு போஸ்ட் ஆபீஸ் வாசல்ல நிக்கிறோம். நீயும்தான் வந்து நின்னே. இப்ப ஒரு மாசமா அந்தப் பக்கமே தலைகாட்டல. மகன் மறந்துபோச்சு, நாற்காலி மட்டும் மறக்கல!"

உறுப்பினர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆட்சேபனை சொன்னதில் தப்பில்லை என்றுதான் எழுத்தருக்கும் பட்டது.

பார்வையாளர் வரிசையிலிருந்து ஆட்சேபனையின் மனைவி எழுந்தாள். "எங்க பையன் வந்துருவான். அவன் செருப்பை வாசல்லயே வச்சிருக்கேன். தினம் துடைச்சு வைக்கிறேன்..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, தன் மகன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எழுத்தர் வழக்கம்போலக் கேட்டார். "ஆட்சேபனை உண்டா?"

"இல்லை" என்றார் ஆட்சேபனை. இருபது வருஷத்தில் முதல் தடவை. ஜெயித்தவர் முகமாக அது இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

அவர் மனைவி மேசைக்கு அருகே வந்தாள். "அண்ணே, எங்க பையனோட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்ச பிள்ளை. நாளைக்கு நாங்களும் வர்றோம். ஒரு பிடி மண்ணாவது போடணும்."

"முதல் பிடி நீயே போடும்மா" என்றார் தலைவர்.

கூடம் காலியானது. மை காயாத கையெழுத்தின் மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார் எழுத்தர். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "ஐயா, உங்க பையன்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தலைவர் சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. ஏதோ ஒரு தூரத்து ராணுவ ஆஸ்பத்திரியின் நர்ஸ் எழுதியது.

"என் பையனை அங்கேயே புதைச்சுட்டாங்கப்பா. இது வந்து ஒரு மாசம் ஆச்சு."