கிளெமென்ற் குடிக்காத தேத்தண்ணி

"காலில்லாத சனத்தை நையாண்டி பண்ணிறியோ, பிள்ளை?"

இந்திரகுமாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்றுத்தான் ரயிலை ஓடிப் பிடித்தவள் இந்த யதுர்ஷா. இன்று ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா தமிழ் மண்டபத்துக்குள் சக்கர நாற்காலியில் உருண்டு வருகிறாள்.

"ஐயோ, இல்லை மாமா! உள்ளக வடிவமைப்பு உரிமச் சோதினை வாற கிழமை. நடக்க ஏலாதவைக்கு ஏற்ற மாதிரிக் கட்டுறது எண்ட பகுதியிலைதான் போன முறை கோட்டை விட்டனான்."

"அதுக்கு?"

"அளவெல்லாம் பாடம். ஏன் அந்த அளவு எண்டுதான் விளங்கேல்லை. அதான் இண்டைக்கு விடியத் தொடங்கி இரவு மட்டும் இதை விட்டு எழும்பிறேல்லை."

"விசர்ப் பெட்டை!"

சொன்னாரே தவிர, உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். மண்டபச் செயலாளர் அவர்.

"வாசல் சாய்தளம் எப்பிடி?"

"வலு சுகமா ஏறினன் மாமா."

"நான் போடுவிச்சது. ஆருக்காக? கிளெமென்றுக்காக!"

ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் இந்திரகுமாரும் கிளெமென்றும் ஓரறையில் ஒரே பாயில் படுத்தவர்கள். பிறகு சீனி வருத்தத்தில் கிளெமென்றுக்குக் கால் போனது. சாய்தளம் போட்ட வருடம் பொங்கலுக்கு மண்டபத்துக்கு வந்தார். இந்திரகுமார் தன் கையால் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை வாயிலும் வைக்கவில்லை. "வேண்டாமடா" என்றார். ஒரு மணித்தியாலத்தில் போய்விட்டார். அதோடு சரி.

"நாலு வருசம், பிள்ளை! எத்தினை தரம் கூப்பிட்டன். தலைக்கனம். என்ரை கையாலை ஒரு வாய் குடிக்க ஏலாதாம்."

ஊரெல்லாம் சொன்ன கதைதான். இன்று இன்னொருத்திக்கும் சொல்லியாயிற்று.

யதுர்ஷா தலை குனிந்துகொண்டாள். நாற்காலிச் சில்லை உருட்டி உருட்டி அவள் உள்ளங்கைகள் சிவந்து கிடந்தன. அதைக் கண்டதும் இந்திரகுமாருக்கு மனம் இளகியது. சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார்.

"இந்தா, குடி."

"வேண்டாம் மாமா."

"நீயுமோ? ஏன்?"

"இஞ்சை வந்த நேரந்தொட்டு நான் தண்ணியும் குடிக்கேல்லை." அவள் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தினாள். "ரொய்லெற் கதவுக்குள்ளாலை இந்த நாற்காலி போகாது, மாமா."

நீட்டிய கோப்பை இந்திரகுமாரின் கையிலேயே ஆறியது.

அதை வைத்துவிட்டு ரொய்லெற் கதவடிக்குப் போனார்.

"உன்ரை சோதினைப் புத்தகத்திலை... கதவுக்கு என்ன அளவு போட்டிருக்கு, பிள்ளை?"