முதல் தீக்குச்சி

கணக்கு எழுதும் வேலை என்று சொல்லித்தான் எஃப்ரேனைச் சேர்த்தார்கள். ஆனால் தினமும் முதலாளி வீட்டு நாயைக் குளிப்பாட்டி, அதன் பீயை அள்ளினான். வெட்கத்தில் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. எவ்வளவு கழுவினாலும் அந்த நாற்றம் சோற்றுக்கையை விட்டுப் போகவில்லை.

வருடத்தின் கடைசி நாள். பிடிக்காத ஆளைப் போலப் பொம்மை செய்து குவாயாகில் ஊரே கொளுத்தும் நாள். ஆபீஸ் பொம்மைக்கென்று முதலாளியின் பழைய சட்டையைத் திருடி வந்து கொடுத்திருந்தான் எஃப்ரேன்.

“முதல் தீக்குச்சி என்னுதுதான். நாறப்பய, எரியட்டும்!”

“நீயேவா? சரி, வை!” சிரித்துக்கொண்டே ஆபீஸில் கூடக் கணக்கு எழுதும் நார்சிசா, பொம்மையை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

முதலாளியின் சட்டைக்கு மேலே எஃப்ரேனின் முகம், அவன் போட்டிருக்கும் அதே மாதிரி மூக்குக்கண்ணாடியோடு.

“என்ன முழிக்கிறே? தினம் முதலாளி வீட்டுல நீ விருந்து தின்னுட்டு வர்றே. உன் கணக்கையும் நாங்கதான் எழுதிச் சாகறோம்!”

தீப்பெட்டியை நீட்டினாள். “ம், கொளுத்து.”