நோயோடு நின்ற வேம்பு

நகரத்தில் எந்த மரத்துக்கு நோய் வந்தாலும் அதன் பட்டையில் பொருத்திய கருவி மர வாரியத்துக்குச் சொல்லிவிடும். அன்றே ஆளில்லா வண்டி வந்து மரத்தைப் பிடுங்கி, அதே உயரத்தில் வேறொன்றை நட்டுவிட்டுப் போகும். நிழல் குறையாததால் யாரும் குறை சொல்லவில்லை. வாரியத்தில் மர நோய்களை ஆராயும் ஜெசிந்தாவுக்குத்தான், ஆராய நோயுற்ற மரமே கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு வேம்புகளில் நுனிக்கருகல் பரவியது. மாற்றி நட்டவையும் கருகின. தன் தெருமுனை வேம்பு வாடத் தொடங்கியதும், வாரியத்துக்குச் செய்தி போகும் முன்பே, ஜெசிந்தா இரவோடு இரவாக அதன் கருவியைக் கழற்றி நலமாக இருந்த புங்கமரத்தில் பொருத்தினாள். வேம்பு மொட்டையானது. யாரோ புகார் செய்ய, வாரிய அதிகாரி தங்கவேலு வந்தார்.

"செத்த மரத்தை ஒளிச்சு வெச்சிருக்கீங்களே மேடம்?"

"சாகலைங்க. நோயோட சண்டை போடுது. இதுவரைக்கும் எந்த மரத்தையும் நாம சண்டை போட விட்டதில்லைங்க."

"கருவியைத் திருப்பி மாட்டுங்க. இல்லைன்னா வேலை போயிரும்."

"போகட்டுங்க. மாட்ட மாட்டேன்."

வேலை போனது. கருவியை வைத்தே மரத்தைத் தேடும் வண்டியின் கண்ணில் கருவி இல்லாத வேம்பு படவில்லை. தங்கவேலு அனுப்பியும், வண்டி இரண்டு முறை வந்து வெறுமனே திரும்பியது. மழைக்குப் பிறகு, கருகிய நுனிகளுக்குக் கீழே வேம்பு செந்துளிர் விட்டது. ஜெசிந்தா மரத்தடியில் நின்று வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெருக்காரர்கள் அவள் வாசலில் நின்றார்கள்.

"எங்க வேம்பும் வாடுதுங்க. அந்தக் கருவியை எப்படிக் கழட்டறது?"

"திருப்புளி போதும்" என்று செருப்பை மாட்டினாள் ஜெசிந்தா. "வாங்க, பட்டப்பகல்லயே கழட்டுவோம்."