அரக்குப் பட்டு

"பட்டுச்சேலைதான் கட்டணும். ராமசுப்பு மக வந்திருக்கான்னு அங்க உள்ளவனுக்குத் தெரியணும்ல?"

அப்பா சொன்னால் சொன்னதுதான். ரேணுகாதேவி பீரோவைத் திறந்து சேலையை எடுத்தாள்.

போன இரண்டு இன்டர்வியூவுக்கும் அம்மாவின் அதே அரக்குப் பட்டைத்தான் கட்டிப் போனாள். கல்யாண மண்டபம் அடுத்த தெரு என்று ஓர் அதிகாரி சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். அதை அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதாள். சாதாரணமாகப் போகலாம் என்றால், காலேஜுக்குப் போட்ட இரண்டு சுடிதாரும் சாயம் போய்க் கிடந்தன. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றி, மிளகாயெல்லாம் கருகிப்போனதில் வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. இந்த வேலையாவது அமைந்தால்தான் குடும்பம் நிமிரும்.

ராமசுப்புவுக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் பட்டு வேண்டுமென்றார்.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் இவர்களுக்கு இரண்டு சீட் முன்னால் அனுசியா உட்கார்ந்திருந்தாள். டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. மடியில் ஒரு மஞ்சள் பை. திரும்பி ரேணுகாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ராமசுப்பு மகளை ஜன்னலோரம் தள்ளி உட்காரச் சொன்னார்.

"அங்க என்ன பார்வை?"

"பன்னெண்டு வருசமாச்சுப்பா. இன்னுமா?"

"எத்தனை வருசம் ஆனா என்ன? செஞ்சது செஞ்சதுதான்."

அனுசியாவின் அம்மா மாரிக்கனி அந்தக் காலத்தில் இவர்கள் காட்டில் களை எடுத்தவள். பொங்கலுக்குப் பொங்கல் இவர்கள் வீட்டில் உடுத்திக் கழித்த சேலை ஒன்று அவளுக்குப் போகும். ராமசுப்புவின் அப்பா காலத்து வழக்கம் அது. ஒரு வருஷம், கொடுத்த மறுநாளே அதைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டாள் மாரிக்கனி. பக்கத்தில் பாவாடை கட்டிய அனுசியா.

"கோவிச்சுக்கிடாதீக. பழசு வேண்டாம்னு பிள்ளை அழுகுது."

அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து மாரிக்கனி வேலைக்கு வரவில்லை. நெருஞ்சி முள்ளாய் அது அவர் நெஞ்சில் நின்றுவிட்டது. அத்தனை திமிர்!

பஸ் காற்று முகத்தில் அடித்தது. வேலிக்கருவை மரங்கள் தண்ணீரில் மிதப்பதுபோல் பின்னால் போயின. பட்டிலிருந்து எழுந்த பாச்சா உருண்டை வாசனையில் அவருக்குக் கண் சொருகியது.

கனவில் வறண்ட கண்மாய் முழுக்க ஒரு சேலை விரிந்து கிடந்தது. அவர் மடிக்க மடிக்க அது நீண்டுகொண்டே போனது. சேலையின் மறுமுனையை ஒரு சிறுமி பிடித்திருந்தாள். விடவே மாட்டேன் என்றாள்.

"அப்பா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு."

விழித்தபோது அனுசியா இறங்கிப் போய்விட்டிருந்தாள். மஞ்சள் பையையும் காணோம். அவருக்கு நிம்மதி.

கம்பெனி மாடியில் இருந்தது. ரேணுகா ஃபைலோடு படியேறினாள். அவர் கீழே வேப்ப மர நிழலில், சிமெண்டுப் பெஞ்சில் சாய்ந்தார். வெயில் ரோட்டில் அலை அலையாய் நெளிந்தது. அதைப் பார்த்தபடியே மறுபடி கண்ணயர்ந்தார். இந்தமுறை பட்டு சரசரக்க மகள் உள்ளே நுழைந்தாள். அதிகாரிகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

கண்ணைத் திறந்தால் மாடிப்படியில் ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஆகாய நீலத்தில் சுடிதார். பகட்டு இல்லை. அத்தனை பாங்கு. கனவின் மிச்சம்தானோ என்றுகூட நினைத்தார்.

யார் பெத்த பிள்ளையோ, பார்த்தாலே வேலை கொடுத்துவிடுவான். நம்ம பிள்ளைக்கும் இப்படி ஒண்ணு எடுத்திருக்கலாமோ என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

அந்தப் பெண் நேராக அவரிடம் வந்தாள்.

"எந்திரிங்கப்பா. வேலை கிடைச்சிருச்சு. ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாக."

ராமசுப்பு கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். ரேணுகாதான்.

"சேலை எங்க?"

ரேணுகா கையிலிருந்த மஞ்சள் பையைக் காட்டினாள்.

அந்தப் பையை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"மாடியில எனக்கு முன்னாடியே வந்து நின்னாப்பா. நான்தான் நேத்து அனுசியாவுக்குப் போன் பண்ணுனேன். நீ போடுறதுல ஒண்ணு குடுடின்னு கேட்டேன்."

அவர் முகம் கறுத்தது.

"அவ உடுத்திக் கழிச்ச பழசையா போட்டுக்கிட்டு வந்து நிக்கிற? ராமசுப்பு மக!"

ரேணுகா குனிந்து, பின்கழுத்துக்குள் கைவிட்டு எதையோ வெளியே இழுத்தாள். நூலில் தொங்கிய கடை அட்டை. இன்னும் அறுக்கப்படாமல் இருந்தது.

"நேத்து சாயங்காலமே கடைக்குப் போயி எடுத்திருக்கா. பழசே போதுமேடின்னு நானும் சொன்னேன். பழசைக் குடுக்க மனசு வரலன்னு சொல்லிட்டாப்பா."